கடன் வாங்காமல் வீட்டை அலங்கரிப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீடு, மாடு, பிள்ளைகள், வாரம் ஒரு நாள் குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "பண்டிகைக்கு வீட்டைக் குறைஞ்ச செலவுல எப்படி அழகு பண்றதுன்னு நீ பேசு" என்று தலைவி அக்கா சொன்னார்கள். இதெல்லாம் மேடையில் பேசுகிற விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனா ஆவணியிலும் புரட்டாசியிலும் நம்ம குழுக்களுக்கு வர்ற உள்கடன் மனுக்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. "பெயிண்ட் அடிக்கணும்", "தீபாவளிக்கு மருமகன் வர்றாங்க, வீடு பார்க்கிற மாதிரி இல்லை", "திரைச்சீலை வாங்கணும்". குழுவில் பணம் இல்லையென்றால் வெளியில் போய் வட்டிக்கு வாங்குகிறோம். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் படித்திருப்போம். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். நம்ம பக்கம் இந்த மாதங்களில்தான் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். புரட்டாசியில் அல்லது ஐப்பசி பிறந்த கையோடு சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. அப்புறம் தீபாவளி, கார்த்திகை தீபம். நம்ம கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு அடுத்தது கிறிஸ்துமஸ். கூடவே மழையும் வரும். அதனால் நம்ம ஊரில் வீட்டை அலங்கரிக்கிறதும், மழைக்கு வீட்டைத் தயார் பண்றதும் ஒரே வேலைதான். இதை மறந்துட்டுச் செலவு பண்ணினா, அடிச்ச பெயிண்டு கார்த்திகையில் கொப்புளம் கொப்புளமாக உரிந்து நிற்கும்.

"புரட்டாசியில் பொன்னுருகக் காயும், ஐப்பசியில் மண்ணுருகப் பெய்யும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இதைவிட நல்ல வேலை அட்டவணை கிடையாது. காய வேண்டிய வேலை எல்லாத்தையும் புரட்டாசி வெயிலில் முடித்துவிட வேண்டும். சுவர், கூரை, பாய், தலையணை எல்லாம் அந்த வெயிலுக்கு. ஐப்பசி பிறந்த பிறகு கோலம், தோரணம், விளக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை கூரை. ஓட்டு வீட்டுக்காரர்கள் உடைந்த ஓட்டை மாற்றணும். ஓட்டுக்கு மேல் விழுந்து கிடக்கிற வேப்பஞ்சருகைக் கூட்டித் தள்ளணும். மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் வடிகிற குழாயில் அடைத்திருக்கிற இலையை எடுக்கணும். மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே எவ்வளவு அலங்காரம் பண்ணினாலும் நிற்காது.

இரண்டாவது சுவர். சுண்ணாம்பு அடிக்கிறது பழைய காலத்து வழக்கம் என்று இப்போது நிறையப் பேர் விட்டுவிட்டோம். ஆனா நம்ம மாதிரி ஈரம் ஏறுகிற சுவருக்குச் சுண்ணாம்புதான் நல்லது. சுவர் ஈரத்தை வெளியே விட சுண்ணாம்பு இடம் கொடுக்கும். பாசியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்காது. விலையும் பெயிண்டைவிடப் பல மடங்கு குறைவு.

எப்படி அடிப்பது என்று இளைய பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். அதனால் சொல்கிறேன். கல் சுண்ணாம்பு வாங்கினால் இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோதான் ஊறப்போட வேண்டும். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். கொதித்து ஆவி வரும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது. ஒரு ராத்திரி ஊறிய பிறகு பழைய துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பசை, இல்லாவிட்டால் அரிசிக் கஞ்சி சேர்க்கலாம். வெண்மை எடுக்க நீலம் சில சொட்டு விட்டால் போதும். சுவரைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, பிறகு அடிக்கணும். ஒரு தடவை காய்ந்த பிறகு இன்னொரு தடவை. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் செதில் செதிலாகக் கொட்டும். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அந்தச் சுவரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே போதும், பாதி புதுசாகிவிடும்.

அடிக்கும்போது தலைக்குத் துணியும் கைக்குப் பிளாஸ்டிக் உறையும் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் கசக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

வெளிச்சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை அடிப்பது அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்யும்போது வாசல் மண் தெறித்து அடிச்சுவர் முழுக்கச் சிவந்து போகும். காவி இருந்தால் அந்தக் கறை தெரியாது. நம்ம பாட்டிகள் காரணம் சொல்லாமல் செய்து வைத்துவிட்டுப் போனது அது.

மூன்றாவது துணி. நாம கரூருக்குப் பக்கத்தில் இருக்கோம். வெளிநாட்டுக்கு அனுப்புகிற திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் நெய்கிற ஊர் அது. மீதி விழுகிற துண்டுத் துணிகள் அங்கே எடைபோட்டு விற்கிறார்கள். கடையில் ஒரு ஜோடி திரைச்சீலை வாங்குகிற காசில், துண்டுத் துணியாக எடுத்தால் இரண்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் தைத்துவிடலாம். தைக்க வேறு எங்கும் போக வேண்டாம், நம்ம குழுக்களிலேயே எத்தனை பேர் மெஷின் வைத்திருக்கிறார்கள்!

அதுவும் வேண்டாம் என்றால் பெட்டியில் இருக்கிற பழைய பருத்திச் சேலையை எடுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு வாசலுக்குத் திரை வரும். மீதி ஒரு மீட்டரில் இரண்டு தலையணை உறை வரும். முந்தானையை அடிப்பக்கம் வருகிற மாதிரி வைத்துத் தைத்தால் கரை போட்ட திரை மாதிரியே இருக்கும். கிழிந்துபோன சேலையை நீளமாகக் கிழித்து, சடை பின்னுகிற மாதிரி பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி. மழைக்காலத்தில் வாசலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று அவசியம் வேணும். ஒரே ஒரு எச்சரிக்கை. நைலக்ஸ், பாலியஸ்டர் சேலையை அடுப்பு பக்கமோ விளக்கு மாடத்துப் பக்கமோ தொங்கவிடாதீர்கள். தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

பாய்க்கு நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. காவிரிக்கு அக்கரையில் முசிறிப் பக்கம் கோரைப்பாய் நெய்கிறார்கள். நம்ம உறுப்பினர்களிலேயே பாய் நெசவு செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பாய் மலிவாகத்தான் தெரியும். ஆனா ஒரு கோரைப்பாய் விரித்த அறையும் பிளாஸ்டிக் பாய் விரித்த அறையும் ஒன்றா? விருந்தாளி வந்தால் புதுப்பாய் விரிக்கிறதுதானே நம்ம மரியாதை. மழைக்கு முன்னால் வெயிலில் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி, தரையில் படாமல் நிறுத்தி வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

நான்காவது வாசல். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் காசு கொடுத்து வாங்குகிற பூ இல்லை. போன வருஷப் பூவைக் காயவைத்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்தால் அதுதான் விதை. ஆடிக் கடைசியில் தூவினால் ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரைக்கும் பூ கிடைக்கும். தீபாவளி நெருக்கத்தில் பூ விலை ஏறும்போது, நம்ம வாசலில் பூத்து நிற்கும். மிச்சம் இருந்தால் விற்கவும் செய்யலாம்.

தோரணத்துக்கு மாவிலை இருக்கு, வேப்பிலை இருக்கு. தென்னங்குருத்தை மட்டும் மரத்திலிருந்து வெட்டாதீர்கள், மரத்தின் வளர்ச்சி கெட்டுப்போகும். காற்றுக்கு விழுந்த மட்டையில் இருக்கிற ஓலையே கிளி பின்னுவதற்குப் போதும். பனையோலையில் பின்னினால் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் தொங்கும். வாழைக்கன்று விலைக்கு வாங்க வேண்டாம். தார் வெட்டின தோட்டத்தில் கேட்டால் பக்கக்கன்று சும்மாவே தருவார்கள்.

கோலத்துக்கு ஒரு விஷயம். மழை தூறுகிற மாதத்தில் பொடிக்கோலம் நிற்காது. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துத் திண்ணையிலும் நடையிலும் மாக்கோலம் போட்டு, சுற்றிச் செம்மண் கரை கட்டினால் நாலைந்து நாள் அப்படியே இருக்கும். எறும்பும் தின்னும். கோலமாவு கடையில் வாங்கினால் கல்மாவு, எறும்புக்கு ஆகாது.

பூந்தொட்டி வைப்பவர்கள் அடியில் வைக்கிற தட்டைக் கவனியுங்கள. பாட்டிலில் மணி பிளாண்ட் வைத்திருந்தால் வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றிவிடுங்கள். கொட்டாங்குச்சி, பழைய டயர், உடைந்த சட்டியில் செடி வைப்பது பார்க்க அழகுதான், ஆனா மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் முட்டை வைக்கும். தேங்கவிடாதீர்கள்.

ஐந்தாவது விளக்கு. புது அகலை வாங்கி வந்ததும் அரை நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து ஏற்றினால் எண்ணெய் குடிக்காது. போன வருஷ அகலைத் தூக்கிப் போட வேண்டாம். சீயக்காய் போட்டுக் கொதிக்கவைத்துத் தேய்த்தால் பிசுக்கு போய்விடும். சீரியல் லைட் போடுகிறவர்கள், ஈரச் சுவரிலும் தகர வாசலிலும் வயரைக் கட்டாதீர்கள். ஒயர் ஒட்டுப்போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். ஓலைத் தோரணத்துக்கு நேர் கீழே அகல் வைக்காதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு இல்லாமல் குழுவில் எதுவும் பேசக் கூடாது இல்லையா! போன வருஷம் எங்கள் வீட்டு நோட்டில் எழுதி வைத்தது இது. எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு நடை, திண்ணை.

சுண்ணாம்பு, நீலம், பசை – 280 ரூபாய்
காவி – 40 ரூபாய்
சுண்ணாம்பு அடிக்கிற மட்டை – 60 ரூபாய்
திரைக்குத் துண்டுத் துணி – 200 ரூபாய்
நாடா, நூல் – 30 ரூபாய்
அகல் இரண்டு டஜன் – 72 ரூபாய்
கோலத்துக்கு அரிசியும் செம்மண்ணும் – 30 ரூபாய்
திரிக்குப் பஞ்சு – 20 ரூபாய்

மொத்தம் 732 ரூபாய். பூ, தோரணம், மிதியடி எல்லாம் காசில்லாமல் வந்தது. கூலி இல்லை. ஏன் கூலி இல்லை என்றால் வீட்டில் எல்லோரும் வேலை செய்தோம். எங்க வீட்டுக்காரர் உயரச் சுவர் அடித்தார். பையன் சுவரைச் சுரண்டினான். பொண்ணு திரை தைத்தாள். பண்டிகை என்றால் பொம்பளைங்க மட்டும் இடுப்பொடிய வேலை செய்வதும், மற்றவர்கள் பட்டாசு வெடிப்பதும் என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். பையனுக்கும் ஒரு மட்டையைக் கையில் கொடுங்கள். தப்பில்லை.

இதையே கடனாக வாங்கினால் என்ன ஆகும்? அஞ்சு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கிப் பெயிண்டு அடித்து, புதுத் திரையும் நாற்காலியும் வாங்கினால், மாதம் 500 ரூபாய் வட்டி. வருஷம் 6,000 ரூபாய். அடுத்த தீபாவளி வரும்போதும் அசல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். சுவரில் அடித்த நிறம் மங்கியிருக்கும். நம்ம குழுவில் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 100 ரூபாய். அதுவும் கடன்தான். குழுப் பணம் மாடு வாங்க, மெஷின் வாங்க, பிள்ளை படிக்க, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு இருக்கணும். சுவருக்குப் போய்விட்டால், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தங்கச்சி வந்து நிற்கும்போது பெட்டியில் பணம் இருக்காது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தங்கச்சி. அண்ணன் வீட்டு ஆட்கள் தலைதீபாவளிக்கு வருகிறார்கள் என்று வாரத் தவணைக் கடன் வாங்கினாள். வந்தவர்கள் ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். மழை பிடித்து நாற்று நடவு தள்ளிப்போனது, கூலி வேலை இல்லை. தவணைக்காரர் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். மார்கழியில் தோட்டை அடகு வைத்தாள். காதில் வேப்பங்குச்சியோடு அவளைப் பார்த்தபோது எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. "வீட்டைப் பார்த்து என்ன நினைப்பாங்களோ" என்கிற பயம் நம்ம எல்லோருக்கும் இருக்கு. அந்தப் பயத்துக்குத்தான் வட்டி கட்டுகிறோம்.

இன்னும் ஒன்று சொல்லணும். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக மேடை ஏறினேன்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார்கள். வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆச்சு. அதிலிருந்து அவர்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு இல்லை, வாசலில் கோலம் இல்லை, தோரணம் இல்லை. காசு இல்லாதது ஒரு காரணம். "இந்த வீட்டுக்கு என்ன பண்டிகை" என்று ஊர் சொன்னது இன்னொரு காரணம். அவர்களுக்கு எட்டாவது படிக்கிற பொண்ணு இருக்கிறாள். சிநேகிதப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டாள்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் ஐந்து பேர் போனோம். எங்கள் வீடுகளில் மீந்த சுண்ணாம்பை எடுத்துப் போனோம். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் முடித்தோம். மறுநாள் விடிகாலையில் மாவு அரைத்து வைத்தோம். நாங்கள் யாரும் கோலம் போடவில்லை. மாவுக் கிண்ணத்தை அக்கா கையில் கொடுத்தோம். ரொம்ப நேரம் யோசித்தார்கள். பிறகு உட்கார்ந்து நெளிக்கோலம் போட்டார்கள். ஒரு புள்ளி பிசகவில்லை. இரண்டு பேர் எதிர்த் திண்ணையிலிருந்து ஏதோ சொன்னார்கள், காதில் வாங்கவில்லை. அந்த வருஷம் அந்தப் பொண்ணு கார்த்திகைக்குச் சிநேகிதிகளைக் கூட்டி வந்து விளக்கேற்றினாள்.

வீட்டுக்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அந்தப் பொம்பளையோட வீடு. அந்த வாசலும் வாசல்தான். இந்தக் கூட்டமைப்பில் எத்தனை அக்காமார் வீடு அப்படி இருட்டாகக் கிடக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் யோசித்துப் பார்க்கணும்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு நாலு வேண்டுகோள் வைக்கிறேன். சரியென்று பட்டால் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று, சந்தாவோடு சேர்த்து வாரம் 20 ரூபாய் பண்டிகைச் சேமிப்பு என்று தனியாக எடுப்போம். தை முதல் வாரம் ஆரம்பித்தால் புரட்டாசி முடிய 39 வாரம். 780 ரூபாய் ஆகும். என் கணக்குப்படி 732 போக 48 ரூபாய் மீதி, அது ஆயுத பூஜைப் பொரிகடலைக்கு.

இரண்டு, சுண்ணாம்பும் காவியும் குழுக்கள் சேர்ந்து மூட்டையாக வாங்குவோம். ஏணி ஒன்றும் மட்டைகளும் கூட்டமைப்பில் வாங்கி வைத்தால் முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று, புரட்டாசிக் கடைசியில் கூட்டமைப்பு அலுவலக வாசலில் ஒரு நாள் நம்ம உறுப்பினர்களே கடை போடுவோம். பாய் நெய்கிறவர்கள், அகல் செய்கிறவர்கள், திரை தைக்கிறவர்கள், பூ வளர்க்கிறவர்கள் எல்லோரும் வரட்டும். நம்ம காசு நம்ம கையிலேயே சுற்றட்டும்.

நான்கு, ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒரு வீடு. துணை இல்லாதவர், முடியாதவர், வயதானவர் வீடு ஒன்றைச் சேர்ந்து சுண்ணாம்பு அடித்துக் கொடுப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.